ஓகாவாவும் உனோசுமாயும்: இரு பள்ளிகள், ஒரு பிற்பகல்

ஜப்பானின் ஓகாவா ஆரம்பப்பள்ளிக்குப் பின்னால் ஒரு குன்று. மைதானத்தைத் தாண்டினால் சரிவு தொடங்கிவிடும். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மரத்துண்டுகளில் ஷிட்டாக்கே காளான் வளர்க்க, பாடத்தின் ஒரு பகுதியாக அங்கே ஏறிப் போனவர்கள். வழி அவர்களுக்குத் தெரியும். 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46-க்கு நிலம் நடுங்கியது. தண்ணீர் பள்ளியை அடைந்தபோது மணி 3.37. இடைப்பட்ட ஐம்பது நிமிடத்தில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் அந்தக் குன்றின் அடியில், பள்ளி மைதானத்திலேயே கழித்தார்கள். பள்ளியில் படித்த 108 பேரில் 74 பேர் இறந்தார்கள், அல்லது இன்றுவரை கிடைக்கவில்லை. ஆசிரியர், ஊழியர்களில் 10 பேர் போனார்கள்.

அதே பிற்பகலில், அதே கடற்கரையில், இன்னும் வடக்கே இவாத்தே மாநிலத்தின் கமாயிஷி நகரில், உனோசுமாய் என்ற பகுதியில் இரண்டு பள்ளிகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று உனோசுமாய் ஆரம்பப்பள்ளி, மற்றது கமாயிஷி கிழக்கு நடுநிலைப்பள்ளி. ஓகாவா கடலிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் உள்ளே, கிட்டகாமி ஆற்றங்கரையில் இருந்தது. உனோசுமாய்ப் பள்ளிகளுக்கோ கடல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தண்ணீர் அந்தக் கட்டிடங்களையும் விழுங்கியது. ஆரம்பப்பள்ளியின் மூன்றாம் மாடியில் ஒரு கார் போய்ச் செருகிக்கொண்டது. ஆனால் அன்று பள்ளியிலிருந்து புறப்பட்ட ஏறக்குறைய 600 பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

பேரிடர்ப் பயிற்சி என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் யோசிக்கிறேன். நான் கடலூர்க்காரி. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் கரையில் கடல் உள்வாங்கியபோது, அது எதற்கான அறிகுறி என்று சொல்ல ஊரில் ஆளில்லை. அந்த அலைக்குச் சுனாமி என்று பெயர் உண்டு என்பதே பலருக்கும் அது வந்துபோன பிறகுதான் தெரிந்தது. தெரியாமல் செத்தது ஒரு வகைத் துயரம். ஓகாவாவில் நடந்தது அதுவல்ல. ஜப்பானில் சுனாமி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒலிபெருக்கி எச்சரித்தது, வானொலி எச்சரித்தது, கையில் நேரம் இருந்தது, பின்னால் குன்று இருந்தது. இவ்வளவும் இருந்தும் என்ன இல்லாமல் போனது?

ஒப்பிடும்போது நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஊர்களின் பழைய நினைவும் ஒன்றல்ல. கமாயிஷி இருக்கும் சான்ரிக்குக் கடற்கரை 1896-இல் ஏறக்குறைய 22,000 பேரைக் கடலுக்குக் கொடுத்தது. 1933-இல் மறுபடியும் அலை வந்தது. ‘தென்தென்கோ’ என்ற வட்டாரச் சொல்லே அந்தக் கரையில் பிறந்ததுதான். அவரவர் தனித்தனியே ஓடு, யாருக்காகவும் நிற்காதே என்பது அதன் பொருள். ஓகாவா இருந்த கமாயா கிராமத்துக்கு அப்படிப்பட்ட நினைவு எதுவும் இல்லை. அவ்வளவு உள்ளே கடல் வந்ததாக அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு ஊர்களும் ஒரே நிலையில்தான் நின்றன. நகராட்சிகள் அச்சிட்டுக் கொடுத்த ஆபத்து வரைபடத்தில் ஓகாவாவும் உனோசுமாய்ப் பள்ளிகளும் தண்ணீர் வராத பகுதியில்தான் இருந்தன. ஓகாவா பள்ளி, ஊர்மக்கள் வந்து தங்க வேண்டிய புகலிடமாகவே குறிக்கப்பட்டிருந்தது. இங்கே அலை வராது என்று காகிதம் இரு ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரே வாக்கைத்தான் கொடுத்தது. அந்தக் காகிதத்தை நம்பாதே என்று ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சொல்லிக்கொடுத்தவர் குன்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் தோஷிதாகா கதாதா. 2004-லிருந்து அவர் கமாயிஷிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். முதலில் பெரியவர்களுக்குக் கூட்டம் போட்டுப் பேசினார். திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான் வந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளுக்குப் போனார். ஒன்பது பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் சொன்னால், அந்தப் பிள்ளைகள் ஊரின் பெரியவர்களாகிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் பிள்ளைகளே ஓடத் தயாராக இல்லை. எங்கள் ஊரில் பெரிய தடுப்புச்சுவர் இருக்கிறதே, எங்கள் தாத்தா ஓடுவதில்லையே என்றார்கள். கமாயிஷி வளைகுடாவின் வாயில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்பு, உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. 2009-இல் முடிந்த அந்தச் சுவரை இரண்டே வருடத்தில் அலை உடைத்துப்போட்டது. சுவர் எழும்ப எழும்ப ஊருக்குள் பயம் குறைந்துவிட்டிருந்தது.

கதாதா செய்த வேலையில் என்னை மிகவும் தொட்ட இடம் ஒன்று உண்டு. பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். வீட்டில் நீ தனியாக இருக்கும்போது பெரிய நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வாய்? அம்மாவுக்குப் போன் செய்வேன், அம்மா வரும்வரை காத்திருப்பேன் என்று பலரும் எழுதினார்கள். அந்தத் தாளை அவர் திருத்தவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். உங்கள் பிள்ளை எழுதியதைப் படித்துப் பாருங்கள், சுனாமி வந்தால் இந்தப் பிள்ளை பிழைக்குமா என்று பெற்றோரைக் கேட்டார். எந்தச் சொற்பொழிவும் அந்த வேலையைச் செய்திருக்காது என்று நினைக்கிறேன். தன் பிள்ளையின் கையெழுத்தில் தன் பெயரை எழுதி, இவருக்காகக் காத்திருந்து சாவேன் என்று சொல்லும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

அடுத்த படி இதைவிட நுட்பமானது. நான் கண்டிப்பாக ஓடிவிடுவேன், நீயும் என்னைத் தேடி வராமல் ஓடிவிடு, பிறகு சந்திப்போம் என்று அம்மா நம்பும்வரை சொல் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். தென்தென்கோ கேட்பதற்குக் கல்நெஞ்சுச் சொல்லாகத் தெரியும். அதன் உள்ளே இருப்பது வேறு. பிள்ளை ஓடியிருக்கும் என்று தாய் நம்ப வேண்டும், தாய் வரமாட்டாள் என்று பிள்ளை நம்ப வேண்டும். இந்த நம்பிக்கை முன்கூட்டியே இல்லாவிட்டால் இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு கடலை நோக்கித்தான் போவார்கள். 1896-இலும் 1933-இலும் குடும்பம் குடும்பமாகச் செத்தது அப்படித்தான்.

வகுப்பறையில் இதற்கென்று தனிப் பாடவேளை வைக்க முடியாது என்று ஆசிரியர்கள் கைவிரிக்கவில்லை. கணக்குப் பாடத்தில் அலையின் வேகத்தைக் கணக்கிட வைத்தார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்து, எந்த இடத்தில் நடுங்கினால் எந்த மேட்டுக்கு ஓடுவாய் என்று குறிக்கச் சொன்னார்கள். நடுநிலைப்பள்ளி மாணவர்கள் ஊருக்குள் வீடு வீடாகப் போய் அட்டை கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் வெளியேறிவிட்டோம் என்று காட்ட வாசலில் மாட்டிவிட்டுப் போகும் அட்டை அது. அடுத்தடுத்து இருந்த இரண்டு பள்ளிகளும் சேர்ந்தே ஒத்திகை நடத்தின. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து ஓடிப் பழகியது.

கதாதா சொல்லிக்கொடுத்த விதிகள் மூன்றுதான். கணிப்பை நம்பாதே. அந்தந்த நேரத்தில் உன்னால் முடிந்த அளவுக்குச் செய். எல்லோருக்கும் முன்னால் நீ ஓடு. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபத்தின்போது எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். யாரும் ஓடவில்லை என்றால், ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று மனம் அடங்கிவிடும். ஒருவர் ஓடினால் அந்தக் கட்டு உடையும்.

மார்ச் 11 அன்று உனோசுமாயில் அப்படியே நடந்தது. நடுக்கத்தில் மின்சாரம் போனது, நடுநிலைப்பள்ளியின் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. உத்தரவு ஒலிபெருக்கியில் வரவே இல்லை. மைதானத்தில் நின்ற மாணவர்கள் ஓடத் தொடங்கினார்கள். ஓடுங்கள் என்று ஆசிரியர்களும் கத்தினார்கள். பிள்ளைகள் மட்டுமே எல்லாவற்றையும் செய்தார்கள் என்று கதை கட்டுவது அந்த ஆசிரியர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளை முதலில் மூன்றாம் மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து அவர்களும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒத்திகையில் ஓடிப் பழகிய முதியோர் இல்லத்துக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். வரைபடத்தின் கணக்குப்படி அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் இல்லத்தின் பின்னாலிருந்த மலைச்சரிவு உதிர்வதைப் பார்த்தார்கள். இது இப்படி உதிர்ந்து நான் பார்த்ததில்லை என்று அங்கிருந்த ஒரு மூதாட்டி சொன்னார். மறுபடி ஓடினார்கள், இன்னும் மேலே இருந்த வேறொரு முதியோர் பராமரிப்பு இடத்துக்கு. வழியில் குழந்தைகள் காப்பகத்தின் தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே போய்த் திரும்பிப் பார்த்தபோது ஊருக்குள் அலை வந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறையும் ஓடினார்கள். முதலில் நின்ற இல்லத்தைத் தண்ணீர் மூழ்கடித்தது.

இப்போது ஓகாவாவுக்குத் திரும்புவோம். இதை எழுதுவது எளிதாக இல்லை, ஏனென்றால் அந்த மைதானத்தில் அசட்டையாக இருந்தவர் எவருமில்லை. ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சீராக வெளியே கொண்டுவந்தார்கள். பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பெற்றோர் வந்தபோது பிள்ளைகளை அனுப்பிவைத்தார்கள். குளிரில் நின்ற பிள்ளைகளைத் தேற்றினார்கள். நிலநடுக்கத்துக்கு என்று படித்த எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். அதற்கு மேல் என்ன என்ற இடத்தில்தான் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் அன்று பள்ளியில் இல்லை. பள்ளியின் கையேட்டில், சுனாமி வந்தால் போக வேண்டிய இடமாகப் பக்கத்திலுள்ள வெற்றிடம், பூங்கா என்ற பொருளில் பொதுவாக எழுதியிருந்தது. அந்த ஊரில் அப்படிக் குறிப்பிட்டுச் சொல்லும்படி எந்த இடமும் இல்லை. குன்றுக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தது. மலைக்குப் போவோம் என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு. மரம் விழுமோ, சரிவு வழுக்குமோ, பெரியவர்களால் ஏற முடியுமோ என்ற தயக்கமும் இருந்தது. இங்கே வராது என்று ஊர்க்காரர்களும் சொன்னார்கள். இவையெல்லாம் பின்னால் நடந்த விசாரணைகளில் வெளிவந்தவை.

கடைசியில் புறப்பட்டது ஆற்றுப் பாலத்தின் முனையிலிருந்த சற்று மேடான இடத்தை நோக்கி. அது இருநூறு மீட்டர்கூட இல்லை. ஆனால் ஆற்றை நோக்கிய திசை. புறப்பட்ட ஓரிரு நிமிடத்தில் தண்ணீர் ஆற்றின் வழியே ஏறி அவர்களைச் சந்தித்தது. மைதானத்தில் இருந்து புறப்பட்டவர்களில் நான்கு பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் மட்டுமே பிழைத்தார்கள்.

நெருக்கடியில் யோசிக்க நேரம் இருக்காது, அதனால்தான் பயிற்சி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓகாவா அதைப் பொய்யாக்குகிறது. அங்கே நேரம் இருந்தது. முடிவு இல்லை. யோசிக்கக் கிடைத்த நேரமே அங்கே எதிரியாகிவிட்டது, ஏனென்றால் யோசனை ஒவ்வொருவர் சம்மதத்தையும் தேடி அலைந்தது. உனோசுமாயில் அந்த முடிவு பல வருடங்களுக்கு முன்பே, ஒரு சாதாரண வகுப்பறையில், கணக்கு நோட்டில் எடுக்கப்பட்டுவிட்டது. நிலம் நடுங்கிய பிறகு அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது எவ்வளவு மேலே என்பதை மட்டுமே. பயிற்சியால் கிடைக்கும் பலன் என்னவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பயத்தில் நடுங்கும் ஒரு மனிதரின் தோளிலிருந்து முடிவை எடுத்து, நிதானமாக இருந்த ஒரு நாளிடம் அது கொடுத்துவிடுகிறது.

இதைச் சட்டத்தின் மொழியில் சொன்னது செண்டாய் உயர்நீதிமன்றம். ஓகாவாவில் இறந்த 23 பிள்ளைகளின் குடும்பங்கள் 2014-இல் வழக்குத் தொடுத்தன. 2016-இல் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு அன்றைய பிற்பகலின் கடைசி நிமிடங்களைப் பார்த்தது, நகராட்சி வண்டி எச்சரித்துக்கொண்டே போனபோது அலை வரும் என்று ஆசிரியர்கள் உணர்ந்திருக்க வேண்டும் என்றது. 2018 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் பார்வையை வேறு இடத்துக்குத் திருப்பியது. தவறு மார்ச் 11-இல் நடக்கவில்லை, அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே, 2010 ஏப்ரல் மாத முடிவில் நடந்துவிட்டது என்றது. கையேட்டைத் திருத்தி, போக வேண்டிய மேட்டையும் வழியையும் அதில் எழுதியிருக்க வேண்டியது பள்ளி. அதைச் சரிபார்த்திருக்க வேண்டியது கல்வி வாரியம். பள்ளிக்கு ஊர்மக்களைவிட அதிக அறிவும் கவனமும் இருந்திருக்க வேண்டும், வரைபடத்தை அப்படியே நம்பியது போதாது என்றது. ஏறக்குறைய 143 கோடி யென் இழப்பீடு. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்காததால் அது இறுதியானது. ஒரு நிறுவனம் தயாராகாமல் இருந்ததே குற்றம் என்று சொன்ன தீர்ப்பு இது. மைதானத்தில் செத்துப்போன அந்த ஆசிரியர்களின் தலையில் மட்டும் பழியைக் கட்டாமல், மேசைக்குப் பின்னால் இருந்தவர்களிடமும் கேட்ட தீர்ப்பு. ஊரில் எந்த அலுவலகத்தில் பாதுகாப்புக் கையேடு தூசி படிந்து கிடந்தாலும் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இத்தோடு நிறுத்தினால் ஒப்பீடு மிகவும் சுலபமாக முடிந்துவிடும். ஒரு பக்கம் பயிற்சி, மறுபக்கம் பயிற்சியின்மை. உண்மை அப்படி இல்லை. பிள்ளைகள் ஓடித் தப்பிய அதே உனோசுமாயில், 2010 பிப்ரவரியில் திறந்த பேரிடர்த் தடுப்பு மையம் என்ற கட்டிடம் இருந்தது. அது சுனாமிக்கான புகலிடம் அல்ல, உண்மையான புகலிடங்கள் மேட்டில் இருந்தன. ஆனால் மேடு தூரம், முதியவர்களுக்கு ஏறக் கஷ்டம். ஒத்திகைக்கு ஆள் சேரட்டும் என்று பக்கத்திலிருந்த இந்த மையத்திலேயே ஒத்திகையை நடத்தினார்கள். 2011 மார்ச் 3-இலும் அங்கேதான் கூடினார்கள். எட்டு நாள் கழித்து நிலம் நடுங்கியதும் ஊர்க்காரர்கள் பழகிய இடத்துக்கே ஓடினார்கள். அந்தக் கட்டிடத்துக்குள் இறந்தவர்கள் 160-க்கும் மேல் என்று பின்னால் மதிப்பிட்டார்கள்.

அவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தான். பயிற்சி அவர்களின் காலையும் சரியாகவே இழுத்துப் போனது. வசதிக்காக இடத்தை மாற்றியபோது உடம்பு தவறான வாசலைப் பாடம் செய்துவிட்டது. ஒத்திகை என்பது விளையாட்டல்ல என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியாது. கமாயிஷி நகரில் அன்று இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கும் மேல். நகரின் ஆரம்ப, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய 3,000 பேரில் 5 பேர் இறந்தார்கள். அவர்கள் அந்த நேரத்தில் பள்ளியின் பொறுப்பில் இல்லாதவர்கள். உனோசுமாய் ஆரம்பப்பள்ளியில் பெற்றோருக்குப் பதில் சொல்லப் பின்தங்கிய ஓர் ஊழியரும் திரும்பவில்லை. ‘கமாயிஷியின் அதிசயம்’ என்று நாளிதழ்கள் கொண்டாடியதை அந்த நகரமே பிறகு கைவிட்டு, ‘கமாயிஷியின் நிகழ்வு’ என்று மாற்றிக்கொண்டதற்கு இறந்தவர்களின் குடும்பங்கள் காரணம். பிழைத்த மாணவர்களுக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. பழகியதைச் செய்தோம், அதில் அதிசயம் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி.

கதாதா கமாயிஷிக்குப் போகத் தொடங்கிய 2004-ஆம் ஆண்டு நமக்கும் மறக்க முடியாத ஆண்டு. ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். டிசம்பரில் கடல். அதற்குப் பிறகு நம் பள்ளிகளில் ஒத்திகை வந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். என் மகள் படிக்கும் பள்ளியில் சென்ற வருடம் நடந்த தீ ஒத்திகைக்குப் பெற்றோர் சார்பில் நானும் போயிருந்தேன். முதல் நாளே சர்க்குலர் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு நீளமாக ஒரு பெல். பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து வரிசையாக இறங்கினார்கள், அழகாகத்தான் இருந்தது. எல்லா வகுப்பும் முன்பக்க மாடிப்படியிலேயே இறங்கின. பின்பக்கம் ஒரு படி உண்டு, அதன் கீழே ஒரு இரும்புக் கேட். நான் போய்ப் பார்த்தபோது பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டேன். வாட்ச்மேனிடம் என்றார்கள். வாட்ச்மேனைக் கேட்டால், ஆபீஸ் ரூமில் ஆணியில் தொங்கும் என்றார். ஆபீஸ் ரூம் முன்பக்கம். மூன்று நிமிடத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டதாக அறிக்கையில் எழுதினார்கள். அந்த மூன்று நிமிடமும் உண்மைதான். முன்படியில் தீப்பிடித்தால் என்ன என்ற கேள்வியை மட்டும் ஒத்திகை கேட்கவில்லை. உனோசுமாய் மையம் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. சாவிக்காக நான் இரண்டு முறை கடிதம் எழுதினேன். இப்போது கேட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாவி தொங்குகிறது.

கதாதாவின் கேள்வித்தாளை நானும் வீட்டில் செய்து பார்த்தேன். மகள் ஏழாம் வகுப்பு. நீ பள்ளியில் இருக்கிறாய், நான் வேலைக்குப் போயிருக்கிறேன், கடல் வருகிறது என்கிறார்கள், என்ன செய்வாய் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஒரே வரி எழுதினாள். அம்மாவுக்காக கேட்கிட்ட நிப்பேன். எழுதிவிட்டு நிமிர்ந்து, ‘நீ என்னத் தேடி வருவதானேம்மா?’ என்று கேட்டாள்.

வரமாட்டேன் என்பதுதான் விடை. அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலிலிருந்து மேற்கே நடந்தேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடந்து, நான்கு மாடி உள்ள ஒரு கட்டிடத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். மொட்டைமாடிக் கதவு திறந்திருக்குமா என்று அந்தக் கட்டிடத்து அண்ணாச்சியிடம் அவளே போய்க் கேட்டாள். பகலில் பூட்டுவதில்லை என்றார். நீ இங்கே இருப்பாய், நான் என் ஆபீஸ் மாடியில் இருப்பேன், தண்ணீர் வடிந்த பிறகுதான் வருவேன் என்றேன். சரி என்றாள். பள்ளியிலிருந்து அங்கே நடக்கப் பதினான்கு நிமிடம் ஆனது. ஓடினால் எவ்வளவு ஆகும் என்று பார்க்க அடுத்த நாள் மறுபடி போனோம்.